பெயர், வயது, ஊர்

1979 பெப்ரவரி 5, திங்கள்

காலையில் சிறு மழை. எட்டு மணிக்கு விட்டது. இறக்கக்கண்டிக்கு நாலு நாளாக ஐஸ் லொறி வரவில்லை. பிடித்த மீனில் பாதியைக் கருவாடு போட்டுவிட்டார்கள். மூன்று பேரிடம் கேட்டு எழுதி, கொழும்புக்குப் போகும் மாலை ரயிலின் கார்டிடம் பத்திரிகைக்கான உறையைக் கொடுத்தேன். பெயர், வயது, ஊர் மூன்றும் சரி. இருபத்தொன்பது வருடமாக இவை இல்லாமல் எவருடைய சொல்லையும் நான் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை. கொழும்பில் இதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்று எழுதுகிறவன் அந்த ஒருவரைத் தானே உண்டாக்கியிருக்கலாம்.

திங்கள் என்பதால் ஸெய்னுதீன் தயிர்ச் சட்டியோடு வந்தார். மூதூரிலிருந்து முதல் லாஞ்சில் வந்து, துறைமுகப் படகில் சுக்கான் பிடிக்கப் போகுமுன் எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி. போன கிழமைச் சட்டியை என் மனைவி நல்லம்மா கழுவித் திருப்பிக் கொடுத்தாள். வெறும் சட்டி கொடுக்கக்கூடாது என்று உள்ளே நாலு தோடம்பழம்.

“அக்கா, இந்தப் பழமும் போன முறை மாதிரிப் புளிச்சா சட்டி திரும்பி வராது.”

“வராட்டி தயிர எதில கொண்டு வருவீங்கள்?”

“கையில.”

இருபது வருடமாக இப்படித்தான்.

பெப்ரவரி 8, வியாழன்

கொழும்பில் பெரிய விஷயம் நடந்திருக்கிறது. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கோப்புகளிலிருந்து அறுநூறு பக்கத்துக்கு மேல் யாரோ பிரதி எடுத்து வெளியே விட்டுவிட்டார்கள். ஒரு பெரிய நாட்டின் தூதரகத்துக்கும் நம் அரசாங்கத்துக்கும் இடையே ஒன்றரை வருடமாகப் போய்வந்த இரகசியக் கடிதங்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளான குதங்களையும் துறைமுகத்தின் ஒரு பகுதியையும் அந்த நாட்டுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கப் பேச்சு நடந்திருக்கிறது. எங்கள் பத்திரிகை இன்று முதல் தொகுதியைப் போட்டது.

பஸ் நிலையத்தடியில் றஊபின் பத்திரிகைக் கடையில் பத்து மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பிரதியை விற்காமல், றஊப் பலகையில் ஏறி நின்று உரக்க வாசித்தார். கீழே நாற்பது ஐம்பது பேர். ஒரு பிரதியமைச்சர் விருந்தில் சூப்புக்கும் மீனுக்கும் இடையில் தூங்கிவிட்டார் என்று தூதர் தன் நாட்டுக்கு எழுதிய இடம் வந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர், “அந்தாள் மேடையிலயும் நித்திரைதானே. இதுக்கு என்னத்துக்கு இரகசிய முத்திர?” என்றார். றஊபால் கொஞ்ச நேரம் வாசிக்க ஏலவில்லை.

சனம் இப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாளாயிற்று.

பெப்ரவரி 9, வெள்ளி

செய்தி ஆசிரியர் டிரங்க் கோல் எடுத்தார். “துறைமுகத்துச் சனம் என்ன கதைக்குது? பன்னிரண்டு பேர் வேணும். உங்கட பாணியிலயே — பேர், வயசு, ஊர்.” இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

இரண்டு நாள் சைக்கிளிலும் லாஞ்சிலும் அலைந்தேன். கால் வலி. ஆனால் நல்ல அறுவடை.

சம்பூர் ஆனந்தராசா (44), கமக்காரர்: “குதத்தக் குடுத்தா எங்களுக்கு மண்ணெண்ணெய் மலியுமோ எண்டு கேட்டு எழுதுங்கோ. மற்றக் கதையள் எனக்கு விளங்காது.”

கிண்ணியா தாஹிர் (61), வியாபாரி: “வீட்ட வாடகைக்குக் குடுக்கிறவன் உள்ளுக்கு இரிக்கிறவங்களிட்ட ஒரு சொல்லுக் கேக்கிறல்லயா?”

கப்பல்துறை பாக்கியரத்தினம் (39), முன்பு குதங்களில் காவல் வேலை: “வெள்ளைக்காரன் போன அண்டு, வேல போச்செண்டு எங்கட அப்பர் அழுதவர். இன்னொருத்தன் வந்தா நான் அழவும் மாட்டன், சிரிக்கவும் மாட்டன்.”

எல்லோரும் பெயரைத் தாங்களாகவே சொன்னார்கள். ஒருவர் வயதில் மூன்றைக் குறைத்துப் போடச் சொன்னார், மறுத்துவிட்டேன்.

பெப்ரவரி 14, புதன்

நான்காம் தொகுதி. அதில் ‘இணைப்பு 31’. துறைமுகப் பகுதி மக்களின் எண்ணங்கள் பற்றித் தூதரக அதிகாரி ஒருவர் தயாரித்து நம் அமைச்சுக்குக் கொடுத்த அறிக்கை. ஒரு பக்கத்தில் ஆங்கில மூலத்தின் படம், மறுபக்கத்தில் தமிழ். பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் அடைப்புக்குள் வயது, பிறகு ஊர்.

மூன்றாவது ஆளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்தாலும் அவை என் வரிகள்.

ஏழாவது ஆள்: ஸெய்னுதீன் (47), துறைமுகப் படகோட்டி, மூதூர். ‘எந்தப் பெரிய கப்பலையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கொண்டு வரலாம். காவல் படகு மாதத்தில் பாதி நாள் பழுது. அந்த நாட்களில் யார் உள்ளே வந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.’

அறிக்கையின் கீழே ஹார்லன் என்ற பெயரும், இவை யாவும் நேரில் கேட்டுத் திரட்டப்பட்டவை என்ற வரியும் இருக்கின்றன. நேரில். அவர்களில் ஒருவரையும் அந்த மனிதர் கண்டதில்லை.

மிஸ்டர் ஹார்லன். 1977 நவம்பர். முப்பது வயது இருக்கும். தமிழ் வாசிப்பார், வரிக்குக் கீழே விரல் வைத்து. இந்தக் கரை மக்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி எழுதுவதாகச் சொன்னார். மூன்று பின்னேரம் எங்கள் முன்விறாந்தையில் இருந்து என் குறிப்புப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார். இருபத்தேழு வருடமாக எழுதி அடுக்கிய புத்தகங்களை வாசிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். “கொழும்பில் ஒருவருக்கும் இந்தத் துறைமுகம் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். வேறொன்றும் அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னேரம் அலுமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 1977 மார்ச் 21. அதுவும் ஒரு திங்கள். உதிரிப்பாகம் வருவதில்லை என்று ஸெய்னுதீன் எரிச்சலோடு சொன்னவை. சொல்லிவிட்டு, “இதப் போட்டிராதீங்க அண்ணன்” என்றார். அதையும் எழுதியிருக்கிறேன், அடைப்புக்குள்: (போட வேண்டாம் என்றார்.) நான் போடவில்லை. வாக்குத் தவறவில்லை என்று இவ்வளவு நாளும் இருந்தேன். ஒருவர் போட வேண்டாம் என்றதை எழுதி வைப்பானேன்? எழுதியதை இன்னொருவன் கையில் கொடுப்பானேன்?

அந்த அடைப்பை மட்டும் ஹார்லன் விட்டுவிட்டார்.

பெப்ரவரி 15, வியாழன்

ஸெய்னுதீனை வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். விசாரணை இருக்கிறதாம்.

பெப்ரவரி 16, வெள்ளி

ஜும்ஆ முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து மூதூருக்குப் போனேன். அவர் மனைவி லைலா கதிரை போட்டு, தேத்தண்ணி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸெய்னுதீன் முற்றத்தில் வலைக்கயிறு ஒன்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார். அவருக்கு வலை கிடையாது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்லன், விறாந்தை, மூன்று பின்னேரம். முடிவில், “நீங்க சொன்னத நான் எழுதி வச்சது பிழை” என்றேன்.

“நான் உங்களுக்குச் சொல்லல்ல அண்ணன்” என்றார். “உங்களோட கதச்சனான்.”

லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே எழுந்து படலையைத் திறந்துவிட்டார்.

பெப்ரவரி 19, திங்கள்

யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் திகதி தயிர் கொண்டு வந்த சட்டி குசினியில் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது.

நகரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இல்லை, வேறு மாதிரியாகிவிட்டது. அறுநூறு பக்க இரகசியத்தில் எங்கள் சனத்துக்கு இப்போது ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. அமைச்சர்களையும் தூதரையும் குத்தகையையும் மறந்துவிட்டார்கள். பதினொரு பேரையும் தெரியும், வீடும் தெரியும். ஸெய்னுதீனுக்கு ‘அம்பாசடர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட அவர் அலுவலகத்துக்குப் போகும்போது இறங்குதுறையில் ஒருவன், “அம்பாசடர் நானா, இந்த இடம் எத்தின பாகம் ஆழம்? எனக்கு மட்டும் சொல்லுங்க” என்றானாம். மகள் ஸல்ஹாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் அனுப்பவில்லை. எல்லாம் றஊப் சொன்னவை. நான் றஊபிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் நல்லம்மா சோறு போட்டுவிட்டு நின்றாள்.

“மூண்டு நாளும் நான்தானே அந்த வெள்ளைக்காரனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான்.”

“ஓம்.”

“அப்ப உங்கட பேர் மட்டும் ஏன் அதில இல்ல?”

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

பெப்ரவரி 21, புதன்

எழுதி அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். ‘இணைப்பு 31இல் உள்ளவர்கள் எந்த வெளிநாட்டவரிடமும் பேசியவர்கள் அல்லர். அவர்கள் பேசியது என்னோடு. குறிப்புகளைக் கொடுத்தவன் நான்.’ கீழே என் பெயர். மாலை ரயிலில் கார்டிடம் கொடுத்தேன்.

பெப்ரவரி 23, வெள்ளி

செய்தி ஆசிரியர் எடுத்தார். போட ஏலாதாம். “இந்தக் கடிதங்களை வெளியில கொண்டு வந்த பத்திரிகை நாங்கள். எங்கட நிருபரே தூதரகத்துக்குக் குறிப்புக் குடுத்தவர் எண்டு நாங்களே போட்டா, நாளைக்கு எல்லாத்தையும் பொய் எண்டு சொல்லுவினம். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ சிவகுருநாதன்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

பெப்ரவரி 25, ஞாயிறு

சிவராத்திரி. நல்லம்மா தனியாகக் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தாள்.

மார்ச் 6, செவ்வாய்

இன்று விசாரணை. ஒன்பது மணிக்கு. போய்ச் சொல்வதென்று போன கிழமையே முடிவு செய்திருந்தேன். எட்டு மணிக்கு வேட்டி சட்டை உடுத்துத் தயாராகிவிட்டேன். 1977ஆம் ஆண்டுப் புத்தகம் மடியில். கதிரையில் இருந்தேன். ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. என்னையும் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று பயந்தேனா? ஓம், பயந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் — பிறகு ஒருவரும் என்னோடு கதைக்கமாட்டார்கள் என்றும் பயந்தேன். நிருபனுக்கு அதுதானே எல்லாம்.

பதினொன்றுக்கு நல்லம்மா வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 7, புதன்

போனேன். விசாரணை அதிகாரி கொழும்பிலிருந்து வந்தவர், மரியாதையான மனிதர். இருக்கச் சொன்னார். என் வாழ்நாளில் எழுதிய செய்திகளிலேயே மிகத் திருத்தமானதை அவருக்குச் சொன்னேன்: திகதி, நேரம், இடம், இருந்தவர்கள், சொல்லப்பட்ட சொற்கள். புத்தகத்தையும் திறந்து கொடுத்தேன். அடைப்புக்குள் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். “பாருங்கள், வெளியே போகக்கூடாது என்று சொன்ன மனிதர் இவர். இவரா வெளிநாட்டுக்காரனிடம் சொல்லியிருப்பார்?” என்றேன்.

அவர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். பக்கத்திலிருந்த எழுதுவினைஞரிடம் பிரதி எடுக்கச் சொன்னார். எனக்கு நன்றி சொன்னார்.

வரும் வழியில் மனம் லேசாக இருந்தது. றஊபின் கடையில் நின்று, எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். அவர் மீதிப் பத்திரிகைகளை அடுக்கி வைத்தார். பிறகு, “நேத்துப் போயிருக்கலாமே ஐயா” என்றார்.

மார்ச் 9, வெள்ளி

றஊபின் மைத்துனர் அந்த அலுவலகத்தில் வேலை. அவர் மூலம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஸெய்னுதீனிடம், இதை யாரிடம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். பழுதான படகைப் பற்றி இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேருக்கு முன்னால் ஏசினேன், யார் யார் இருந்தார்கள் என்று நினைவில்லை என்றிருக்கிறார். அது ஊரறிந்த விஷயம், இரகசியம் என்றே எனக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார். சத்தியம் செய்து சொன்னது. அதிகாரி அதை ஏற்கும் நிலையில் இருந்தாராம். வாய் நீளம் என்று எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்களாம்.

என் பெயரை அவர் சொல்லவில்லை. அன்று மூதூரில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டு வந்த நான், எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் புத்தகத்தோடு போயிருக்கிறேன். திகதியோடு. இடம் எங்கள் வீட்டு விறாந்தை, இருந்தவர்கள் இரண்டு பேர். (போட வேண்டாம் என்றார்.) — இரகசியம் என்று தெரிந்தே சொன்னார் என்பதற்கும், சத்தியம் செய்து பொய் சொன்னார் என்பதற்கும் இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஐயோ ஸெய்னுதீன். ஏன் தம்பி அப்படிச் சொன்னனீங்கள்? நான் ஏன் ஒரு நாள் பிந்திப் போனனான்? போகாமலே இருந்திருந்தா —

மார்ச் 12, திங்கள்

திங்கள்.

மார்ச் 30, வெள்ளி

வேலை நீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இருபத்துநாலு வருடச் சேவை. பென்சன் இல்லை. என்மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. அதிகாரி என் ஒத்துழைப்பைப் பாராட்டி எழுதியிருக்கிறாராம்.

மூதூருக்குப் போனேன். படலை சாத்தியிருந்தது. லைலாவின் குரல் உள்ளேயிருந்து: “அவர் வீட்டில இல்ல.” உள்ளே அவர் இருமுவது கேட்டது.

ஏப்ரல் 18, புதன்

குத்தகைப் பேச்சு நிறுத்தப்பட்டுவிட்டதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. எங்கள் பத்திரிகை முதல் பக்கம் முழுக்க அதைப் போட்டு, மக்களின் வெற்றி என்று எழுதியிருக்கிறது. உண்மைதான். அந்தக் கடிதங்கள் வெளியே வராவிட்டால் சத்தமில்லாமல் கொடுத்திருப்பார்கள். இதை நான் மறுக்கவில்லை. இந்த வெற்றியில் என்னுடைய பங்கு என்னவென்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்தி ஆசிரியர் ஓய்வு போதும் என்றார். பன்னிரண்டு பேரின் கருத்து வேண்டும் என்றார். போனேன்.

பாக்கியரத்தினம் வீட்டுக்குள்ளிருந்தே, “சந்தோசம் எண்டு எழுதுங்கோ. பேர் வேண்டாம்” என்றார். தாஹிர் கடையில் அரிசி அளந்துகொண்டே என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். “அத முதல்ல சைக்கிள்ள கொண்டு போய் வச்சிட்டு வாங்க. பிறகு கதப்பம்.” வைத்துவிட்டு வந்தேன். ஒரு சோடாவை உடைத்துத் தந்து, மகனின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தார். வேறொன்றும் கதைக்கவில்லை.

மற்ற ஊர்களிலும் கேட்டு, பன்னிரண்டு பேர் சொன்னதை அனுப்பினேன். ஒன்றிலும் பெயர் இல்லை, வயது இல்லை. ‘துறைமுகப் பகுதியில் ஒருவர்.’ ‘வியாபாரி ஒருவர்.’ அவர்களை நானே உண்டாக்கினேன் என்று யாராவது சொன்னால், மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மே 11, வெள்ளி

குறிப்புப் புத்தகங்கள் மொத்தம் நாற்பத்தாறு. பின்வளவில் வைத்து எரித்தேன். ஈரம் பிடித்தவை, எரிய மாட்டேனென்றன. நல்லம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். 1977 மட்டும் இல்லை. அது விசாரணைக் கோப்பில் இருக்கிறது, திருப்பித் தரமாட்டார்கள்.

மே 14, திங்கள்

நல்லம்மா சட்டியைக் கழுவி, நாலு தோடம்பழம் போட்டுத் துணியால் கட்டித் தந்தாள். “வச்சிட்டாவது வாங்கோ” என்றாள்.

ஏழரை லாஞ்சு. சனம் அதிகம். நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் கண்டேன்: லாஞ்சின் முன்புறத்தில் கயிறு சுற்றிக்கொண்டு நின்றவர் ஸெய்னுதீன். கட்டைக் காற்சட்டை, தலையில் துவாய். சித்திரையிலிருந்து இந்த லாஞ்சில்தான் வேலையாம். பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். சுக்கான் பிடிப்பவன் இருபத்தைந்து வயதுக்காரன். ஓர் இடத்தில் அவன் வளைத்துத் திருப்பியபோது ஸெய்னுதீன் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். மறுபடி கயிற்றைச் சுற்றினார்.

மூதூர் இறங்குதுறையில் பலகை வழுக்கல். ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். சாமானை முதலில் வாங்கிக் கரையில் வைப்பார், பிறகு கை கொடுப்பார், பிறகு சாமானை எடுத்துக் கையில் கொடுப்பார். என் முறை வந்தது. சட்டியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். துணிக் கட்டையும் முடிச்சையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அதே கை, அதே கெட்டியான பிடி.

“பாத்து இறங்குங்க, ஐயா.”

இருபது வருடத்தில் ஒருநாளும் அவர் என்னை ஐயா என்றதில்லை.

நான் இறங்கினேன். அவர் குனிந்து சட்டியை எடுத்து, மற்ற எல்லோருக்கும் கொடுத்ததைப் போலவே, என் கையில் கொடுத்தார். அடுத்த ஆளுக்குக் கை நீட்டினார்.